கடல்வழியும் திமிங்கில வழியும்



செபராங் ஜெயாவில் வாழும் நமக்குக் கடல் அயலான பொருள் அன்று. சிறிது தொலைவு சென்றால் பினாங்குப் பாலம் தொடங்கிவிடுகிறது. பாலத்தின் வடபால் பட்டர்வொர்த்தின் சரக்குப் பெட்டகத் துறை. அங்கே இறங்கும் பெட்டகங்களைச் சுமந்த பாரவண்டிகளை நம் சாலைகளில் நாள்தோறும் காண்கிறோம். அப்பெட்டகங்கள் எந்தக் கடல்வழியாக வந்தன என்று நாம் கேட்பதில்லை. இன்றைய உரை அந்த வழியைப் பற்றியது. அவ்வழியில் நமக்கு முன்பே குடியிருந்த ஓர் உயிரையும், அதனை அறிந்து காக்க முயன்றவர்களின் வரலாற்றையும் பற்றியது.

திமிங்கிலம் என்றால் பனி மூடிய துருவக் கடலே பலர் நினைவுக்கு வரும். நம் பாடநூற்படங்களும் அவ்வாறே பழக்கியுள்ளன. ஆனால் நிலநடுக்கோட்டை அடுத்த வெப்பக்கடலிலேயே ஆண்டு முழுவதும் தங்கி வாழும் நீலத் திமிங்கிலங்கள் உள்ளன. அவற்றின் வாழிடம் இலங்கையைச் சூழ்ந்த கடலும் வட இந்தியப் பெருங்கடலும் ஆகும். நம் முன்னோர் கப்பலேறி வந்த கடலும் அதுவே.

பெயரும் பொருளும்

திமிங்கிலம் என்னும் சொல் வடமொழி வழி வந்தது. ‘திமி’ என்பது பெருமீன். அப்பெருமீனையும் விழுங்குவது திமிங்கிலம். மதுரைக்காஞ்சியில் பனைமீன் என்னும் பெயர் காணப்படுகிறது. கரையில் நின்று கண்ட பேருடலைத் தாம் அறிந்த நெடுமரத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்ட மனம் அதில் தெரிகிறது. திமிங்கிலத்தின் சிற்றுறவான டால்பினைத் தமிழ்நாட்டுப் பரதவர் ஓங்கில் என்பர். நீரிலிருந்து ஓங்கி எழும் அதன் இயல்பு அப்பெயரிலேயே ஒலிக்கிறது.

மீன் என்று பெயர் பெற்றாலும் திமிங்கிலம் மீன் அன்று. நுரையீரலால் மூச்சு விடுவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. மூச்சுக்காக மீண்டும் மீண்டும் நீர்ப்பரப்புக்கு வந்தே ஆகவேண்டியது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கப்பலுக்கும் திமிங்கிலத்துக்கும் நேர்ந்த பகையின் வேர் இதில்தான் உள்ளது.

எலும்பாக வந்த அறிவு

இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கிலம் அறிவியல் ஏட்டில் இடம்பெற்றது 1859ஆம் ஆண்டில். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத், அரக்கான் கரையில் ஒதுங்கிய ஒரு பேருயிரின் எலும்புகளைக் கொண்டு அதற்கு ‘இந்திகா’ என்று பெயரிட்டார். உயிரோடு நீந்துவதைக் கண்டு எழுதிய குறிப்பு அன்று அது. கரை சேர்ந்த எலும்பைக் கண்டு எழுதியது.

நம் நாட்டுக் கதையும் அவ்வாறே தொடங்குகிறது. 1892ஆம் ஆண்டில் மலாக்காவுக்குத் தெற்கே ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 13 மீட்டர். எலும்புக்கூடு சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டு, 1907 முதல் மக்கள் பார்வைக்குக் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. இரு தலைமுறைச் சிறுவர்கள் அண்ணாந்து பார்த்த அந்த எலும்புக்கூடு, 1974இல் கோலாலம்பூரின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. பின்னர் லாபுவான் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. மலாக்கா நீரிணையில் இறந்த உயிரின் எலும்புகள் தென்சீனக் கடலின் தீவொன்றில் இன்று நிற்கின்றன.

இதனோடு ஒப்பிடத் தக்க செய்தி ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. 1834ஆம் ஆண்டில் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பார் இந்தச் செபராங் பிறை நிலப்பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மகாநாவிகனின் பெயரைத் தாங்கிய, ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை வாய்ந்த கல் அது. மகாநாவிகன் என்றால் பெருங்கப்பலோட்டி. வங்கக் கடலைக் கடந்து இக்கரைக்கு வந்த கடலோடிகளின் பழமைக்கு அக்கல்லே சான்று. அதுவும் இங்கே இல்லை, கல்கத்தாவுக்குச் சென்றுவிட்டது.

கல்லும் எலும்பும் வேறிடம் சென்றதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவை பேணப்பட்டதால்தான் இன்று நாம் பேசுகிறோம். ஆயினும் ஒரு பொருள் தன் மண்ணைவிட்டு அகலும்போது, அதைப் பற்றிய அறிவும் அம்மண்ணின் மக்களைவிட்டு அகன்றுவிடுகிறது. திமிங்கில ஆய்வின் வரலாற்றில் இது பலமுறை நிகழ்ந்தது.

உள்ளூர் அறிஞரின் சொல்

அகன்ற அறிவைத் திரும்பப் பெறுவது எத்துணைக் கடினம் என்பதற்கு இலங்கையிலிருந்து ஒரு சான்று. 1963ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், கொழும்புக்கு அருகே இரத்மலானைக் கரையில் அலகு போன்ற வாயுடைய திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. இலங்கைத் தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநர் பி. இ. பி. தெரணியகல அதனை ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத புதிய இனம் என்று அறிவித்தார். சிங்களச் சொற்களைக் கொண்டு ‘ஹொட்டவுல’ என்று பெயரும் சூட்டினார். கூரிய அலகு என்பது அதன் பொருள்.

இரண்டே ஆண்டுகளில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதனைத் தனியினம் அன்று எனக் கருதி, முன்பே அறியப்பட்ட வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டனர். அரை நூற்றாண்டு கழிந்தது. மரபணுச் சோதனை பெருகிய காலத்தில், வெப்பக்கடல் தீவுகள் பலவற்றிலிருந்து கிடைத்த எச்சங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், தெரணியகல கூறியதே சரி என்று 2014இல் நிறுவினர். இனம் தன் பெயரைத் திரும்பப் பெற்றது.

வேட்டையும் அடைக்கலமும்

இதற்கிடையே கடலில் வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் வேட்டைக் கப்பல்கள் தென்துருவக் கடலைக் கொள்ளையிட்டதை உலகம் அறியும். வட இந்தியப் பெருங்கடலில் நடந்ததை அன்று உலகம் அறியவில்லை. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் குழுக்கள் இக்கடலில் கமுக்கமாக வேட்டையாடின. நீலத் திமிங்கிலங்கள் மட்டும் 1,200க்கு மேல் கொல்லப்பட்டன. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 242. சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னரே உண்மைக் கணக்குகள் வெளிவந்தன.

1979ஆம் ஆண்டில், சீசெல்சு என்னும் சிறிய தீவு நாட்டின் முன்மொழிவை ஏற்று, அனைத்துலகத் திமிங்கில வேட்டை ஆணையம் இந்தியப் பெருங்கடலை அடைக்கலப் பகுதியாக அறிவித்தது. வணிக வேட்டையை நிறுத்திவைக்கும் முடிவு 1982இல் எடுக்கப்பட்டது. அடைக்கலம் அறிவித்தாயிற்று, ஆனால் அதில் வாழ்வன யாவை, எங்கே உண்கின்றன, எங்கே ஈனுகின்றன என்பவற்றை அறிய வேண்டியிருந்தது. அதற்காக உலக வனவிலங்கு நிதியத்தின் துணையோடு ‘டியூலிப்’ என்னும் சிறு பாய்மரப் படகு 1982 முதல் 1984 வரை இக்கடலில் உலவியது.

அப்படகின் ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களைக் கண்டனர். கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்கு அண்மையிலேயே கடல் திடீரென ஆழங்கொள்கிறது. பேருயிர்கள் கரையை ஒட்டி வருவதற்கு அவ்வாழமே காரணம். அவை அங்கே இரை தேடுவதையும் அவர்கள் பதிவு செய்தனர். ஒலியையும் பதிவு செய்தனர். பிற கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் எழுப்பும் ஒலியினின்று இவற்றின் ஒலி வேறுபட்டது. 1981இல் நிறுவப்பட்ட இலங்கையின் தேசிய நீர்வாழ் வளங்கள் முகமையும் இத்துறையில் அக்கறை காட்டத் தொடங்கியது.

பின்னர் 1983 வந்தது. இலங்கைத் தமிழர் வாழ்வில் அவ்வாண்டு எதைக் குறிக்கும் என்று இவ்வவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போர் வளர வளரத் திருகோணமலைக் கடல் மூடுண்டது. மீனவன் வலை வீசவே இசைவு கேட்க வேண்டியிருந்த இடத்தில் திமிங்கிலத்தை யார் தேடுவார்? தொடங்கிய ஆய்வு அறுந்தது. வந்தவர்கள் தம் குறிப்புகளோடு திரும்பினர்.

ஆஷா டி வோஸ்

அறுந்த இழையை வேறொரு முனையில் பற்றியவர் 1979இல் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஆஷா டி வோஸ். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் பயின்றவர். பின்னர் ஆக்ஸ்போர்டில் முதுகலை கற்றவர். 2003ஆம் ஆண்டில் ‘ஒடிசி’ என்னும் அயல்நாட்டு ஆய்வுக் கப்பல் இந்தியப் பெருங்கடலுக்கு வருவதை அறிந்து, அதில் பணியாற்ற இடம் கேட்டு விடாது எழுதினார். இடம் கிடைத்தது.

இலங்கையின் தென்கடலில் ஒருநாள் நீலத் திமிங்கிலங்கள் சில ஓரிடத்தே கூடியிருக்கக் கண்டார். நீர்ப்பரப்பில் செந்நிறக் கழிவு மிதந்தது. பிறர் முகம் சுளிக்கும் அக்காட்சி அவருக்கு ஒரு வினாவாயிற்று. பெரிய திமிங்கிலங்கள் குளிர்கடலில் உண்டு, வெப்பக்கடலுக்கு ஈனவும் இணையவும் வருவன என்பதே பொதுவிதியாகக் கற்பிக்கப்பட்டது. கழிவு உண்டென்றால் உணவும் உண்டு. அப்படியானால் இவை இங்கேயே உண்டு இங்கேயே வாழ்வன அல்லவா?

திருகோணமலையில் இருபது ஆண்டுகளுக்கு முன் பதிவான உண்மைதான் இது. ஆனால் அதனைத் தொடர்ந்து பேணி வளர்க்க மண்ணில் ஆள் இல்லாததால், அது ஏட்டில் உறங்கியது. ஆஷா டி வோஸ் 2008ஆம் ஆண்டில் இலங்கை நீலத் திமிங்கில ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கடல்வாழ் பாலூட்டிகள் பற்றிய ஆய்வில் முனைவரான முதல் இலங்கையர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். பொதுவிதிக்கு உட்படாத இத்திமிங்கிலங்களை ‘மரபு மீறியவை’ என்று அன்போடு அழைத்தார்.

அவை உண்பது எது? குளிர்கடல் நீலத் திமிங்கிலங்களுக்குக் கிரில் என்னும் இறாலினமே உணவு. இலங்கைக் கடலில் கழிவின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் வேறொரு குடும்பத்துச் சிறு இறால்கள் என்று தெரிந்தது. இங்கே நமக்கு ஒரு சுவையான தொடர்பு உண்டு. பினாங்குப் பெலாச்சான் செய்யப் பயன்படும் கூனி இறாலும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் சம்பலுக்கும் உலகின் மிகப்பெரிய உயிரின் உணவுக்கும் உறவு இருப்பது எண்ணி மகிழத் தக்கது.

கழிவைப் பற்றிய ஆய்வு கடல் முழுவதையும் பற்றியதாக விரிந்தது. ஆழத்தில் உண்டு மேற்பரப்பில் கழிப்பதால், இரும்பு முதலிய ஊட்டங்களைத் திமிங்கிலம் கீழிருந்து மேலே கொண்டுவருகிறது. அதனால் நுண்பாசி தழைக்கிறது. நுண்பாசியை நம்பி மீன் பெருகுகிறது. திமிங்கிலத்தைக் காப்பது மீனவனுக்கு எதிரான செயல் அன்று என்பதை இது காட்டுகிறது.

2017இல் ‘ஓஷன்ஸ்வெல்’ என்னும் அமைப்பை அவர் நிறுவினார். அவருடைய எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப வரும் கருத்து ஒன்று உண்டு. செல்வ நாட்டு ஆய்வாளர் வான்குடையில் இறங்குவது போல் வந்து, தரவைச் சேர்த்துக்கொண்டு, உள்ளூரில் யாரையும் பயிற்றாமல் திரும்பிச் செல்வதை அவர் வான்குடை அறிவியல் என்று சாடுகிறார். உலகின் கரையோரங்களில் பெரும்பகுதி வளரும் நாடுகளில் உள்ளது; அக்கரையின் மக்களே காவலர் ஆகாவிடில் கடலைக் காக்க இயலாது என்பது அவர் வாதம். தெரணியகலவின் பெயர் மறைந்து மீண்ட கதையும், திருகோணமலைக் குறிப்புகளின் கதையும் அறிந்தவர்க்கு இவ்வாதத்தின் வலிமை விளங்கும்.

தென்முனையின் நெருக்கடி

இலங்கையின் தென்முனை தெவிநுவர. அதனைத் தென்னாவரை என்று வழங்கினர் தமிழர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டிட்டு நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அமைந்த அக்கல்லின் தமிழ்ப் பகுதி, தென்னாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. மலாக்காவுக்கும் வந்த அதே செங் ஹோ. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கடல்வழி அம்முனையைச் சுற்றியே அன்றும் சென்றது, இன்றும் செல்கிறது.

வழி பழையது, கப்பல்தான் புதியது. பாய்மரக் கப்பல் காற்றின் விரைவில் சென்றது. இன்றைய பெட்டகக் கப்பல் 300 மீட்டருக்கு மேலும் நீண்டு, இரவும் பகலும் நில்லாது ஓடுகிறது. தென்கரையில் கடலடி விரைந்து ஆழம் கொள்வதால் திமிங்கிலங்கள் இரை தேடும் நீர் கரைக்கு அண்மையில் உள்ளது. உலகின் மிக நெரிசலான கப்பற்பாதைகளுள் ஒன்று அந்நீரின் ஊடே செல்கிறது. மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டிய உயிருக்கும், திரும்பவோ நிற்கவோ எளிதில் இயலாத இரும்புக்கும் இடையே நிகழ்வது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. 2012இல் கொழும்புத் துறைமுகத்தை அடைந்த பெட்டகக் கப்பல் ஒன்றின் முன்முகப்பில் நீலத் திமிங்கிலத்தின் உடல் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பல் துறையடையும் வரை கூடவே வந்த உடல் அது. மோதியபின் ஆழ்கடலில் மூழ்கிப்போகும் உடல்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தீர்வு அரிதன்று. பாதையைத் தெற்கே 15 கடல் மைல் நகர்த்தினால் மோதும் ஆபத்து 95 விழுக்காடு வரை குறையும் என ஆய்வாளர் கணித்தனர். பல நாள் பயணத்தில் இது சிறு வளைவு. எம். எஸ். சி. என்னும் பெருங்கப்பல் நிறுவனம் 2022இல் தானே முன்வந்து தன் கப்பல்களைத் தெற்கே செலுத்தத் தொடங்கியது. வேட்டைக்காரனின் ஈட்டியைத் தடுக்க உலக ஒப்பந்தம் வேண்டியிருந்தது. வணிகக் கப்பலின் முகப்பைச் சற்றே திருப்ப நல்லெண்ணமும் நல்ல வரைபடமும் போதுமானவை.

கரையோரத்துக் கைகள்

அறிஞரையும் ஆணையத்தையும் மட்டும் பேசினால் இவ்வரலாறு நிறைவு பெறாது. 1973ஆம் ஆண்டு ஜனவரியில், மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரையில் 147 குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தார் அதனைப் பதிவு செய்தனர். 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட அதே கரையில் அதே இனம் எண்பதுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் மீண்டும் ஒதுங்கியது. மீனவர்கள் படகுகளில் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். சில மீண்டும் கரைக்கே திரும்பின. அவர்களும் மீண்டும் இழுத்துச் சென்றனர். ஏறத்தாழ பாதி இறந்தன. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர்மக்களும் இரவெல்லாம் நீரில் நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் திருப்பினர்.

நம் நீரிணை

மலாக்கா நீரிணையின் தென்வாயிலில், 2015 ஜூலை 10ஆம் நாள், சிங்கப்பூரின் ஜூரோங் தீவை அடுத்து 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. முதுகில் கப்பல் மோதியது போன்ற பெருங்காயம். வயிற்றில் நெகிழிக் குப்பை. மலாக்கா எலும்புக்கூடு சென்றபின் வெறுமையாயிருந்த இடத்தை நிரப்புவது போல், அதன் எலும்புக்கூடு இன்று லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1892இல் ஓர் எலும்புக்கூடு, 2015இல் இன்னொன்று. நாம் திமிங்கிலத்தை எலும்பாக மட்டுமே அறிவோமா?

இல்லை என்று சொல்லத் தக்க பணிகள் இங்கு நடக்கின்றன. தெலுக் பஹாங்கை அடுத்த முக்கா முனையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் மற்றும் கரையோர ஆய்வு மையம் உள்ளது. லூயிசா பொன்னம்பலம் ஓமன் கடலின் ஓங்கில்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அவர் தாயகம் திரும்பி, 2012இல் ‘மாரேசெட்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். லங்காவியைச் சூழ்ந்த கடலில் ஓங்கில்களையும், ஜொகூர்த் தீவுகளை அடுத்த கடற்புல் வெளிகளில் ஆவுளியா என்னும் கடற்பசுவையும் அவ்வமைப்பு ஆராய்கிறது. 1999ஆம் ஆண்டின் மீன்வள ஒழுங்குவிதிகள் திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு ஆகியவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கின்றன. பினாங்கு நீரிணையிலேயே ஓங்கில்கள் வாழ்கின்றன. பாலத்தைக் கடக்கும் நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

மொழி மன்றத்தின் மேடையில் இதனைப் பேசக் காரணம் உண்டு. அறிவு அயல் ஏட்டில் மட்டும் இருந்தால் அது ஏட்டோடு போய்விடும் என்பதை மேலே கண்டோம். திருகோணமலையில் நேர்ந்தது அதுதான். ஓர் உயிரைப் பற்றி வீட்டில் பேசவும், வகுப்பில் கற்பிக்கவும், மீனவரோடு உரையாடவும் நம் மொழியில் சொற்கள் புழங்க வேண்டும். ஓங்கில் என்றும் ஆவுளியா என்றும் பரதவர் வழங்கிய சொற்கள் நம்மிடம் உள்ளன. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் அவை இடம்பெற்றால், ஒரு மாணவன் கடலை நோக்கும் நோக்கு மாறும்.

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கு வந்தனர். நாள்கணக்கில் வங்கக் கடலை வெறித்திருந்த அவர்களுள் எவரேனும் தொலைவில் எழுந்த மூச்சுநீரைக் கண்டிருக்கக்கூடும். கண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கவும் கூடும். உங்கள் வீட்டில் அப்படியொரு நினைவு எஞ்சியிருந்தால், முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கடலுக்கு நம் மொழியில் எழுதப்படும் வரலாறு அத்தகைய குறிப்புகளிலிருந்தும் தொடங்கலாம்.